சார்பைத் திருப்பும் சார்புகள் (கணினி இயற்கணிதம்)

சார்பைத் திருப்பும் சார்பு என்பது, ஓர் எண்ணையோ கோவையையோ விடையாகத் தராமல், மற்றொரு சார்பையே விடையாகத் தரும் சார்பு ஆகும். சார்புகளை உள்ளீடாகப் பெறுவனவும் விடையாகத் தருவனவும் பொதுவாக உயர்வரிசைச் சார்புகள் என அழைக்கப்படுகின்றன. கணிதத்தில் இதற்கு மிகப் பழக்கமான எடுத்துக்காட்டு வகையீடு ஆகும். சைன் என்னும் சார்பை வகையிட்டால் கிடைப்பது ஓர் எண் அன்று. கொசைன் என்னும் மற்றொரு சார்பே கிடைக்கிறது.

மேத்தமெட்டிக்கா, மேப்பிள், மாக்சிமா, ஆக்சியம், சேஜ் முதலிய கணினி இயற்கணித முறைமைகள் அனைத்திலும் இத்தகைய சார்புகளை எழுத முடியும். ஆயினும் அவை ஒவ்வொன்றிலும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. ஏனைய நிரல்மொழிகளில் மதிப்பு அளிக்கப்படாத ஒரு பெயரைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் பிழைச்செய்தி தோன்றும். கணினி இயற்கணிதத்திலோ மதிப்பில்லாத பெயர் தன்னையே குறிக்கும் முறையான குறியீடு ஆகும். எனவே சார்பைத் திருப்பும் சார்பு தவறாக எழுதப்பட்டிருந்தாலும் கணினி நின்றுவிடுவதில்லை; சரியான விடையைப் போலவே தோற்றமளிக்கும் தவறான விடையைத் தந்துவிடக்கூடும். இத்தலைப்பு தனியே ஆராயப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

குறியீடுகள்

இக்கட்டுரையில் மாறிகள் ச, த, ந ஆகிய எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. "ச ↦ ச + 1" என்பது "ச என்னும் உள்ளீட்டைப் பெற்று ச + 1 என்பதைத் தரும் சார்பு" எனப் பொருள்படும். நிரலாக்கத்தில் சார்பு என்பது செயற்கூறு என்றும் வழங்கப்படும்.

கோவையும் சார்பும்

கணினி இயற்கணித முறைமைகளில் கோவை வேறு, சார்பு வேறு. ச² + 1 என்பது ஒரு கோவை. இதில் ச என்பது ஒரு குறியீடு. அதன் பெயர் விடையின் ஒரு பகுதி. ச ↦ ச² + 1 என்பது ஒரு சார்பு. இதில் ச என்பது உள்ளீட்டுக்கான இடத்தை மட்டுமே காட்டுகிறது. அதற்குப் பதிலாகத் த ↦ த² + 1 என்று எழுதினாலும் அதே சார்புதான். இவ்வாறு பெயர் மாற்றினாலும் பொருள் மாறாத மாறி கட்டுண்ட மாறி எனவும், வெளியிலிருந்து பொருள் பெறும் மாறி கட்டற்ற மாறி எனவும் அழைக்கப்படுகின்றன.

இவ்வேறுபாட்டுக்கேற்ப வகையீட்டுக்கும் இரண்டு வடிவங்கள் உள்ளன. மேப்பிளில் டிஃப் என்னும் கட்டளை ஒரு கோவையையும் ஒரு மாறியின் பெயரையும் பெற்றுக் கோவையைத் தருகிறது. டி என்னும் செயலி ஒரு சார்பைப் பெற்றுச் சார்பைத் தருகிறது. அதற்கு மாறியின் பெயர் தேவைப்படுவதில்லை. முதல் வடிவம் "எதைப் பொறுத்து வகையிடுவது?" என்று கேட்கிறது. இரண்டாவது வடிவத்தில் அக்கேள்விக்கே இடமில்லை.

எளிய எடுத்துக்காட்டு

பின்வரும் வரையறையைக் கருதுக.

கூட்டி(ந) = (ச ↦ ச + ந)

கூட்டி என்பது ஓர் எண்ணைப் பெற்று, அவ்வெண்ணைக் கூட்டும் சார்பைத் தருகிறது. கூட்டி(3) என்பது ச ↦ ச + 3 என்னும் சார்பு ஆகும். அதற்கு 4 என்னும் உள்ளீட்டைத் தந்தால் விடை 7 ஆக வேண்டும். இதனைக் கூட்டி(3)(4) = 7 என எழுதலாம்.

இங்கு உட்சார்பில் ச கட்டுண்ட மாறி. ந கட்டற்ற மாறி. கூட்டி தன் வேலையை முடித்துத் திரும்பிய பின்னரும், அது தந்த சார்பு ந-வின் மதிப்பு 3 என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்நினைவை எங்கே, எவ்வாறு வைப்பது என்பதே இத்தலைப்பின் மையச் சிக்கல் ஆகும்.

வரலாறு

ஏரணத்தில் தோற்றம்

பல உள்ளீடுகளைப் பெறும் ஒரு சார்பை, ஒவ்வோர் உள்ளீடாகப் பெற்றுச் சார்பைத் திருப்பும் சார்புகளின் தொடராக மாற்ற முடியும் என்பதை மோசஸ் ஷோன்ஃபிங்கல் 1924 இல் வெளியான தம் ஆய்வுரையில் காட்டினார். பின்னர் இதனை விரிவாகப் பயன்படுத்திய ஏரணவியலாளர் ஆசுக்கெல் கர்ரியின் பெயரால் இம்முறை கர்ரியாக்கம் என அழைக்கப்படுகிறது. அலன்சோ சர்ச் 1930களில் உருவாக்கிய இலாம்டா நுண்கணிதம், பெயரிடப்படாத சார்புகளை எழுதுவதற்கான குறியீட்டையும், கட்டுண்ட மாறிகளைக் கையாளும் விதிகளையும் வழங்கியது. அதில் சார்புகளைத் தவிர வேறு பொருள்களே இல்லை. ஆகவே ஒவ்வொரு சார்பும் சார்பைத் திருப்பும் சார்பே.

லிஸ்ப்பும் குறியீட்டு வகையீடும்

உயர்வரிசைச் சார்புகள் நிரலாக்கத்துக்குள் நுழைந்தது கணினி இயற்கணிதத்தின் வழியாகவே எனலாம். ஜான் மெக்கார்த்தி 1958 ஆம் ஆண்டுக் கோடையில் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்தபோது, இயற்கணிதக் கோவைகளைக் கணினியால் வகையிடுவதை ஒரு மாதிரிச் சிக்கலாக எடுத்துக்கொண்டார். ஒரு கூட்டல் கோவையை வகையிட, அதன் ஒவ்வோர் உறுப்பின் மீதும் ஒரே செயலைச் செய்ய வேண்டும். இதற்காக, ஒரு பட்டியலையும் ஒரு சார்பையும் பெற்று, பட்டியலின் மீது அச்சார்பைச் செலுத்தும் சார்பு தேவைப்பட்டது. சார்பை உள்ளீடாகத் தருவதற்கு ஒரு குறியீடு வேண்டியிருந்ததால் சர்ச்சின் இலாம்டாக் குறியீட்டை மெக்கார்த்தி எடுத்தாண்டார். சர்ச்சின் நூலில் எஞ்சிய பகுதி தமக்கு விளங்கவில்லை என்றும், எனவே அதனை முழுமையாகச் செயற்படுத்த முயலவில்லை என்றும் அவர் பின்னாளில் லிஸ்ப் மொழியின் வரலாற்றை எழுதியபோது குறிப்பிட்டார்.

ஃபனார்க் சிக்கல்

எடுத்தாளப்படாமல் விடப்பட்ட அப்பகுதியிலிருந்தே முதற்சிக்கல் எழுந்தது. தொடக்ககால லிஸ்ப்பில் கட்டற்ற மாறியின் மதிப்பு, சார்பு எழுதப்பட்ட இடத்திலிருந்து பெறப்படவில்லை. சார்பு அழைக்கப்பட்ட நேரத்தில் அப்பெயருக்கு எந்த மதிப்பு இருந்ததோ அதுவே எடுத்துக்கொள்ளப்பட்டது. இது இயங்குநிலைச் செயற்பரப்பு எனப்படும். சார்பு எழுதப்பட்ட இடத்தைக் கொண்டு பொருள் கொள்வது நிலைச் செயற்பரப்பு எனப்படும்.

இக்குறையை எதிர்கொண்டவர் ஜேம்ஸ் சுலேகிள் ஆவார். அவர் ஒரு கோவையின் உட்கோவைகளில் தேடும் சார்பொன்றை எழுதி, அது சரியாக இயங்கவில்லை என முறையிட்டார். மெக்கார்த்தி இதனை முதலில் சாதாரண வழுவாகவே கருதினார். ஸ்டீவ் ரசல் இதனைத் திருத்தும் பொருட்டு, சார்போடு அது பிறந்த சூழலையும் சேர்த்துக் கொண்டுசெல்லும் ஃபனார்க் என்னும் அமைப்பை உருவாக்கினார். இதே சுலேகிள் 1961 இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தம் முனைவர் பட்டத்துக்காக எழுதிய செயின்ட் என்னும் நிரல், குறியீட்டு முறையில் தொகையீடு செய்த முன்னோடி நிரல் ஆகும்.

ஃபனார்க் சிக்கல் இருவகைப்படும். சார்பை உள்ளீடாக அனுப்பும்போது எழுவது கீழ்நோக்கிய சிக்கல். சார்பை விடையாகத் திருப்பும்போது எழுவது மேல்நோக்கிய சிக்கல். சுலேகிள் கண்டது முதல் வகை. இரண்டாவது வகையே கடினமானது. ஏனெனில் வெளிச்சார்பு முடிந்தவுடன் அதன் மாறிகளுக்கான நினைவிடம் அழிக்கப்படுவது வழக்கம். திருப்பப்பட்ட சார்புக்கோ அவ்விடம் இன்னும் தேவைப்படுகிறது.

மூடகம்

பீட்டர் லாண்டின் 1964 இல், சார்பின் உடலையும் அது பிறந்த சூழலையும் இணைத்த ஒற்றைப் பொருளைக் குளோசர் என அழைத்தார். இதனைத் தமிழில் மூடகம் எனலாம். 1970 இல் ஜோயல் மோசஸ் எழுதிய குறிப்பொன்று, ஃபனார்க் சிக்கலைச் சூழல் சிக்கல் என்றே அழைக்க வேண்டும் என வாதிட்டது. சூழலின்றி அனுப்பப்படும் சார்பை அவர் துளைகள் உள்ள உறைக்கு ஒப்பிட்டார். கட்டற்ற மாறிகள் அத்துளைகளின் வழியே வெளியேறிவிடுகின்றன. மூடகமோ துளையற்ற உறை.

மோசஸ் கணினி இயற்கணித முன்னோடிகளுள் ஒருவர். கார்ல் எங்கல்மன், வில்லியம் மார்ட்டின் ஆகியோருடன் இணைந்து 1968 இல் மாக்சிமா என்னும் முறைமையைத் தொடங்கியவர். இம்மூல முறைமை இன்றைய கட்டற்ற மென்பொருளான மாக்சிமாவிலிருந்து வேறுபடுத்தப்படும் பொருட்டு இக்கட்டுரையில் பழைய மாக்சிமா எனப்படுகிறது. ஆக, இச்சிக்கலைக் கண்டவரும் அதற்குத் தெளிவான விளக்கம் தந்தவரும் குறியீட்டுக் கணிப்புத் துறையினரே. ஆயினும் பழைய மாக்சிமாவின் பயனர் மொழி இயங்குநிலைச் செயற்பரப்புடனேயே அமைந்தது. லிஸ்ப் குடும்பத்தில் 1975 இல் ஜெரால்டு சஸ்மன், கை ஸ்டீல் ஆகியோர் உருவாக்கிய ஸ்கீம் மொழி நிலைச் செயற்பரப்பை அடிப்படையாகக் கொண்டது.

கணினி இயற்கணிதத்துக்கே உரிய சிக்கல்கள்

மதிப்பு தொலைதல்

மேலே தரப்பட்ட கூட்டி என்னும் சார்பை இயங்குநிலைச் செயற்பரப்புள்ள முறைமையில் எழுதினால், கூட்டி(3) என்பது ச ↦ ச + ந என்பதையே திருப்புகிறது. ந = 3 என்னும் செய்தி கூட்டி முடிந்தவுடன் தொலைந்துவிடுகிறது. இதற்கு 4 ஐ உள்ளீடாகத் தந்தால் விடை 4 + ந என வரும்.

பொது நிரல்மொழியாக இருந்தால் "ந வரையறுக்கப்படவில்லை" என்ற பிழைச்செய்தி தோன்றியிருக்கும். இங்கே 4 + ந என்பது குற்றமற்ற இயற்கணிதக் கோவை. அது அடுத்த கணக்கீட்டுக்குள் எவ்வித எச்சரிக்கையும் இன்றி நுழைந்துவிடும். பயனர் வேறோரிடத்தில் ந-வுக்கு 10 என்னும் மதிப்பை அளித்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். விடை 14 என வரும். அதைப் பார்த்துத் தவறு என்று ஐயுறக் காரணமே இராது.

மாறி சிறைப்படுதல்

மேற்கண்ட குறையை நீக்க, உட்சார்பின் உடலில் ந என்னும் பெயருக்குப் பதிலாக அதன் மதிப்பை நேரடியாகப் பதிலிடலாம். கூட்டி(3) ஐக் கேட்கும்போதே ச ↦ ச + 3 என எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்ததாகத் தோன்றும். எண்கள் மட்டுமே உள்ள உலகில் அது உண்மை. ஆனால் கணினி இயற்கணிதத்தில் உள்ளீடாக ஒரு குறியீடும் வரலாம்.

கூட்டி(ச) எனக் கேட்டால் என்ன ஆகும்? கண்மூடித்தனமாகப் பதிலிட்டால் ச ↦ ச + ச என்னும் சார்பு கிடைக்கும். அதற்கு 4 ஐத் தந்தால் 8 வரும். சரியான விடை 4 + ச ஆகும். வெளியிலிருந்து வந்த ச, உட்சார்பின் கட்டுண்ட மாறியான ச-வினால் சிறைப்பிடிக்கப்பட்டுவிட்டது. இதைத் தவிர்க்க, பதிலிடுவதற்கு முன் கட்டுண்ட மாறிக்கு வேறு பெயர் இட வேண்டும். இலாம்டா நுண்கணிதம் இவ்விதியை முன்பே வகுத்துள்ளது.

மதிப்பிடும் நேரம்

ஒரு சார்பின் உடல் வரையறுக்கும்போதே மதிப்பிடப்படுகிறதா, அழைக்கும்போதுதான் மதிப்பிடப்படுகிறதா என்பதும் விடையை மாற்றும். பெரும்பாலான முறைமைகள் உடலை அப்படியே வைத்திருந்து, அழைக்கும்போது மட்டுமே மதிப்பிடுகின்றன. இதனால் புதிய பயனர்கள் பின்வரும் இடரில் சிக்குகின்றனர்.

சரிவு(ச) = "ச² ஐ ச-வைப் பொறுத்து வகையிடுக"

சரிவு(3) எனக் கேட்டால், முதலில் ச-வுக்குப் பதிலாக 3 இடப்படுகிறது. பின்னர் முறைமை "9 ஐ 3-ஐப் பொறுத்து வகையிடுக" என்னும் பொருளற்ற கட்டளையைச் சந்திக்கிறது. நல்வாய்ப்பாக மாக்சிமா, மேத்தமெட்டிக்கா, மேப்பிள் ஆகியன இங்கே 3 என்பது மாறி அன்று எனப் பிழைச்செய்தி தருகின்றன. வகையீட்டை முதலில் செய்து, கிடைத்த 2ச என்னும் கோவையைச் சார்பாக மாற்றுவதே இதற்குத் தீர்வு.

பல்வேறு முறைமைகளில்

மாக்சிமா

வில்லியம் செல்ட்டர் 1982 முதல் 2001 இல் தாம் மறையும் வரை பேணி, 1998 இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிட இசைவு பெற்ற முறைமை இது. பழைய மாக்சிமாவின் வழித்தோன்றலாகிய இது இயங்குநிலைச் செயற்பரப்பை மரபாகப் பெற்றுள்ளது. இலாம்டா என்னும் கட்டளையால் பெயரற்ற சார்பை எழுதித் திருப்பினால், மேற்கூறியவாறு மதிப்பு தொலையும். இதைத் தவிர்க்கப் பில்ட்கியூ என்னும் கட்டளை பயன்படுகிறது. இது குறிப்பிட்ட பெயர்களுக்கு மட்டும் மதிப்பைப் பதிலிட்டு, எஞ்சியவற்றை மதிப்பிடாமல் விடுகிறது. இது கட்டுண்ட மாறிகளின் பெயரை மாற்றுவதில்லை என்பதால், மாறி சிறைப்படாமல் பார்த்துக்கொள்வது பயனரின் பொறுப்பு. கோவையை மதிப்பிட்டுச் சார்பாக வரையறுக்க டிஃபைன் என்னும் கட்டளை உள்ளது.

மேப்பிள்

1980 இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. அம்புக்குறியால் சார்பை எழுதும் வசதி இதில் உண்டு. நீண்டகாலம் இதில் உட்சார்பு வெளிச்சார்பின் மாறிகளைக் காண இயலாதிருந்தது. உட்சார்பில் எழுதப்பட்ட ந என்பது வெளிச்சார்பின் ந ஆகக் கொள்ளப்படாமல் பொதுப்பெயராகவே கொள்ளப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் வெளியான மேப்பிள் ஐந்தாம் பதிப்பின் ஐந்தாம் வெளியீடு நிலைச் செயற்பரப்பைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னர் எழுதப்பட்ட நிரல்களில் அன்அப்ளை என்னும் கட்டளை மிகுதியாகக் காணப்படும். இது ஒரு கோவையையும் மாறியையும் பெற்று, மதிப்பிடப்பட்ட அக்கோவையைச் சார்பாக மாற்றித் தருகிறது. சார்பைக் கோவையின் மீது செலுத்துவதன் மறுதலை என்பதால் இப்பெயர். கோவையிலிருந்து சார்பை உண்டாக்க இது பின்னரும் தேவைப்படுகிறது.

மேத்தமெட்டிக்கா

1988 இல் வெளியான இம்முறைமையில் வரையறைகள் பதிலீட்டு விதிகளாகவே கருதப்படுகின்றன. கூட்டி(3) எனக் கேட்டால், ந உள்ள இடமெல்லாம் 3 இடப்படுகிறது. எனவே மதிப்பு தொலைவதில்லை. கூட்டி(ச) எனக் கேட்டால், உட்சார்பின் மாறிக்குத் தானாகவே டாலர் குறியுடன் கூடிய புதுப்பெயர் இடப்படுகிறது. எனவே மாறி பெரும்பாலும் சிறைப்படுவதில்லை. சைன் சார்பின் மீது வகைக்கெழுக் குறியை இட்டால் கொசைன் என்னும் பெயரற்ற சார்பு கிடைக்கிறது. 2014 இல் வெளியான பத்தாம் பதிப்பு முதல், பட்டியல்களைக் கையாளும் பல கட்டளைகளை ஓர் உள்ளீட்டை மட்டும் தந்து அழைத்தால், எஞ்சிய உள்ளீட்டுக்காகக் காத்திருக்கும் சார்பு ஒன்று கிடைக்கும். இது கர்ரியாக்கத்தின் நடைமுறை வடிவம் ஆகும்.

ஆக்சியம்

ஐபிஎம் நிறுவனத்தில் ஸ்கிராச்பேட் என்னும் பெயரில் வளர்ந்த இம்முறைமையில் ஒவ்வொரு பொருளுக்கும் வகை உண்டு. கூட்டியின் வகை, "முழுவெண்ணைப் பெற்று, முழுவெண்ணிலிருந்து முழுவெண்ணுக்கான சார்பைத் தருவது" என வெளிப்படையாக எழுதப்படும். ஆகவே எண் வரவேண்டிய இடத்தில் சார்பு வந்தால் அது முன்னரே கண்டறியப்படும். கர்ரியாக்கம், உள்ளீடுகளை இடம் மாற்றுதல், சார்புகளை இணைத்தல் ஆகியவற்றுக்கெனத் தனித் தொகுப்புகள் இதில் உள்ளன.

சேஜும் சிம்பையும்

இவ்விரண்டும் பைத்தான் மொழியைப் பயன்படுத்துகின்றன. சேஜ் 2005 இல் வில்லியம் ஸ்டைன் என்பவரால் தொடங்கப்பட்டது. பைத்தானில் நிலைச் செயற்பரப்பு உள்ளதால் கூட்டி(3)(4) எதிர்பார்த்தவாறே 7 ஐத் தரும். ஆனால் பைத்தானின் மூடகம் மாறியின் மதிப்பை வைத்திருப்பதில்லை, மாறியையே வைத்திருக்கிறது. ந = 0, 1, 2 என ஒரு சுழற்சிக்குள் ச ↦ ச + ந என்னும் மூன்று சார்புகளை உருவாக்கினால், சுழற்சி முடிந்த பின் மூன்றுமே 2 ஐக் கூட்டும். ஒவ்வொரு முறையும் கூட்டி போன்ற வெளிச்சார்பை அழைத்து உட்சார்பைப் பெற்றால் இவ்விடர் நீங்கும்.

பயன்பாடுகள்

நியூட்டன் முறை

ஒரு சார்பின் மூலத்தைக் காணும் நியூட்டன் முறையைச் சார்பைத் திருப்பும் சார்பாக எழுதலாம். ப என்னும் சார்பைப் பெற்று, ச ↦ ச − ப(ச) ÷ ப′(ச) என்னும் சார்பை அது திருப்பும். ப என்பது ச ↦ ச² − 2 எனில், கணினி இயற்கணித முறைமை வகையீட்டைத் துல்லியமாகச் செய்து, சுருக்கி, ச ↦ (ச² + 2) ÷ 2ச என்னும் சார்பைத் தரும். இதனை 1 இல் தொடங்கித் திரும்பத் திரும்பச் செலுத்தினால் 3/2, 17/12, 577/408 என்னும் பின்னங்கள் கிடைக்கின்றன. கடைசிப் பின்னம் ஏறத்தாழ 1.4142157 ஆகும், 2 இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.4142136 ஆகும். வகையீடு ஒரே முறைதான் நடைபெறுகிறது என்பதும், திருப்பப்பட்ட சார்பை எத்தனை முறையும் பயன்படுத்தலாம் என்பதும் இம்முறையின் நன்மைகள்.

வகையீட்டுச் சமன்பாடுகள்

ஒரு வகையீட்டுச் சமன்பாட்டின் தீர்வு ஒரு சார்பு ஆகும். மேத்தமெட்டிக்காவில் தீர்வைக் கோவையாகவும் கேட்கலாம், சார்பாகவும் கேட்கலாம். கோவையாகக் கேட்டால், குறிப்பிட்ட மாறியில் எழுதப்பட்ட தீர்வு மட்டும் கிடைக்கும். அதனை மூலச் சமன்பாட்டில் பதிலிட்டுச் சரிபார்க்க முயன்றால், வகைக்கெழு உள்ள உறுப்புகள் பதிலிடப்படாமல் நின்றுவிடும். தீர்வைப் பெயரற்ற சார்பாகக் கேட்டால், வகைக்கெழுவிலும் தொடக்க நிபந்தனையிலும் அது முறையாகப் பதிலாகும். எண்முறைத் தீர்வுகளிலும் இவ்வாறே: மேத்தமெட்டிக்கா இடைச்செருகல் சார்பு ஒன்றையும், மேப்பிள் அழைக்கத்தக்க செய்முறை ஒன்றையும் திருப்புகின்றன.

இயக்கவியல்

ஜெரால்டு சஸ்மன், ஜாக் விஸ்டம் ஆகியோர் 2001 இல் வெளியிட்ட மரபு இயக்கவியல் நூல், சார்பைத் திருப்பும் சார்புகளைக் கற்பித்தலின் அடிப்படையாகக் கொண்டது. லக்ராஞ்சிச் சமன்பாடுகளின் வழக்கமான எழுத்துமுறையில், நிலையும் திசைவேகமும் ஓரிடத்தில் தனித்தனி மாறிகளாகவும், அடுத்த இடத்தில் நேரத்தின் சார்புகளாகவும் கருதப்படுகின்றன. எழுதுபவர் இதனை மனத்தில் திருத்திக்கொள்வார். கணினியால் அது இயலாது. எனவே அவர்கள், பாதையைப் பெற்று, "நேரம், நிலை, திசைவேகம் ஆகியவற்றைத் தரும் நேரத்தின் சார்பு" ஒன்றைத் திருப்பும் செயலியை வரையறுத்தனர். அதன்பின் சமன்பாடு முழுவதும் சார்புகளின் மீதான செயல்களாக ஐயமின்றி எழுதப்படுகிறது. இக்குறியீட்டுமுறை மைக்கேல் ஸ்பிவாக் 1965 இல் வெளியிட்ட நூலின் முறையைத் தழுவியது. இந்நூலுக்கான மென்பொருள் ஸ்கீம் மொழியில் எழுதப்பட்டது.

தன்னியக்க வகையீட்டில் ஒரு வழு

சார்பைத் திருப்பும் சார்பையே வகையிட நேரும்போது நுட்பமான இடர் ஒன்று எழுகிறது. பின்வரும் சார்பைக் கருதுக.

நகர்த்தி(ந)(ப)(ச) = ப(ச + ந)

இதனை ந-வைப் பொறுத்து வகையிட்டு ந = 0 இல் மதிப்பிட்டால், கிடைப்பது ப என்னும் எந்தச் சார்பையும் வகையிடும் செயலியே ஆகும். அச்செயலியை ஒரு சார்பின் மீது இருமுறை செலுத்தினால் இரண்டாம் வகைக்கெழு கிடைக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் இருந்த சில தன்னியக்க வகையீட்டு மென்பொருள்கள் இங்கே 0 என விடை தந்தன.

ஒவ்வொரு வகையீட்டுக்கும் அதற்கென ஒரு நுண்ணளவு தனி அடையாளத்துடன் உருவாக்கப்பட வேண்டும். அம்மென்பொருள்கள், செயலி உருவான நேரத்தில் ஒரே ஒரு முறை அடையாளத்தை உருவாக்கின. செயலி இருமுறை பயன்படுத்தப்பட்டபோது இரண்டு நுண்ணளவுகளும் ஒன்றாகக் கருதப்பட்டன. இவ்வழுவும், அதற்கான இரு தீர்வுகளும், அத்தீர்வுகளின் குறைகளும் 2019 இல் வெளியான ஆய்வுக்கட்டுரையொன்றில் விரிவாக விளக்கப்பட்டன. சூழலைச் சார்போடு சேர்த்து வைத்த பின்னரும், சூழலில் உள்ளது எப்போது பிறந்தது என்னும் கேள்வி எஞ்சியிருப்பதை இது காட்டுகிறது.

சார்புகளின் சமன்

ச ↦ ச + 1, த ↦ த + 1 ஆகிய இரண்டும் ஒரே சார்பு. ஆனால் சார்புகளை எழுத்துவடிவில் மட்டும் ஒப்பிடும் முறைமை இவற்றை வேறானவை எனக் கூறும். ச ↦ (ச + 1)², ச ↦ ச² + 2ச + 1 ஆகியவற்றைச் சமன் எனக் கண்டறிய உடல்களைச் சுருக்க வேண்டும். பொதுநிலையில் இது எப்போதும் இயலாது. அடிப்படைச் சார்புகளால் ஆன போதுமான அளவு வளமான ஒரு தொகுதியில், ஒரு கோவை எங்கும் சுழியமா என்பதைத் தீர்மானிக்கும் பொதுவழிமுறை இல்லை என டேனியல் ரிச்சர்ட்சன் 1968 இல் நிறுவினார்.

முறைமையைச் சோதித்தல்

ஒரு கணினி இயற்கணித முறைமை சார்பைத் திருப்பும் சார்புகளை எவ்வாறு கையாள்கிறது என்பதைக் கூட்டி என்னும் சார்பைக் கொண்டு நான்கு சோதனைகளால் அறியலாம்.

1. ந-வுக்கு மதிப்பு அளிக்காமல் கூட்டி(3)(4) ஐக் கேட்டல். விடை 7 எனில் மதிப்பு தொலையவில்லை. 4 + ந எனில் தொலைந்துள்ளது.
2. கூட்டி(3) ஐ ஒரு பெயரில் வைத்துக்கொண்டு, பின்னர் ந-வுக்கு 10 ஐ அளித்து, அச்சார்புக்கு 4 ஐத் தருதல். விடை 14 எனில் இயங்குநிலைச் செயற்பரப்பு உள்ளது.
3. கூட்டி(ச)(4) ஐக் கேட்டல். விடை 4 + ச ஆக வேண்டும். 8 எனில் மாறி சிறைப்பட்டுள்ளது.
4. சுழற்சிக்குள் மூன்று சார்புகளை நேரடியாக உருவாக்கி ஒவ்வொன்றையும் சோதித்தல். மூன்றும் ஒரே விடையைத் தந்தால் மூடகம் மதிப்பை வைத்திராமல் மாறியை வைத்துள்ளது.

நான்கிலும் எண்களை மட்டுமே கொண்டு சோதிப்பது போதாது. மூன்றாம் சோதனையில் வெளிப்படும் பிழை, உள்ளீடாகக் குறியீடு வரும்போது மட்டுமே தோன்றும்.

இவற்றையும் பார்க்கவும்

இலாம்டா நுண்கணிதம்
உயர்வரிசைச் சார்பு
கர்ரியாக்கம்
லிஸ்ப்
கணினி இயற்கணித முறைமை
தன்னியக்க வகையீடு

பகுப்புகள்: கணினி இயற்கணிதம் | நிரலாக்கக் கருத்துருக்கள் | சார்புகள்